முதலில் ஓமைப் பாருங்கள், வால்வை அப்புறம் பார்க்கலாம்

கேள்வி: என்னிடம் சென்ஹைசர் எச்டி 650, ஹைஃபைமேன் சுந்தரா என்று இரண்டு ஹெட்போன்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து ஒரு ட்யூப் ஆம்ப் (வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர்) வாங்கப் போகிறேன். நண்பர்கள் ஓடிஎல் வகையைத்தான் வாங்கச் சொல்கிறார்கள். சரிதானா? வாங்கியதும் நல்ல வால்வுகளாகப் பார்த்து மாற்றிவிடட்டுமா?

பதில்: எச்டி 650 மட்டும் இருந்தால் உங்கள் நண்பர்கள் சொல்வது சரி. சுந்தராவும் இருப்பதால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஓடிஎல் என்றால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஆம்ப். வால்விலிருந்து சிக்னல் ஒரு கெபாசிட்டரைத் தாண்டி நேராக ஹெட்போனுக்குப் போய்விடும். வால்வு வோல்டேஜைத் தாராளமாகத் தரும், கரண்ட் தருவதில்தான் கஞ்சத்தனம். இந்த ஆம்ப்களின் அவுட்புட் இம்பிடன்ஸ், அதாவது சிக்னல் வெளியேறும் இடத்தில் ஆம்பே காட்டும் மின்தடை, 100 ஓமை ஒட்டி இருப்பதும் சகஜம்.

அப்படி ஒரு 100 ஓம் ஆம்பில் இரண்டையும் மாட்டினால் என்ன ஆகும்? எச்டி 650-இன் இம்பிடன்ஸ் 300 ஓம். பேஸ் பகுதியில், 80-100 ஹெர்ட்ஸ் வாக்கில், அது 500 ஓம் வரை ஏறும். கணக்குப் போட்டால் அந்த இடத்தில் சத்தம் ஒரு டெசிபலுக்குச் சற்றுக் குறைவாகக் கூடுகிறது. செல்லோவும் ஆண்குரலும் கொஞ்சம் சதைப்பிடிப்போடு கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். 'ட்யூப் சவுண்ட்' என்று கொண்டாடப்படுவதில் ஒரு பங்கு இந்தச் சாதாரண வோல்டேஜ் கணக்குதான்.

சுந்தராவோ 37 ஓம். பிளானர் (தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலி தரும் வகை) என்பதால் இம்பிடன்ஸ் ஏறி இறங்காது, எனவே தொனி மாறாது. ஆனால் ஆம்ப் தரும் வோல்டேஜில் கால் பங்கு சொச்சம்தான் அதற்குப் போய்ச் சேரும். மீதி ஆம்புக்குள்ளேயே வீணாகிவிடும். வால்யூமைத் திருகிக்கொண்டே போனால், தேவையான கரண்டைத் தர முடியாமல் வால்வு திணறும். மிருதங்கத்தின் தொப்பி கனமின்றிப் பொத்துப்பொத்தென்று கேட்கும்.

ஆகவே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்பையே வாங்குங்கள்; அது வோல்டேஜைக் குறைத்துக் கரண்டைக் கூட்டித் தரும். அது இல்லாவிட்டால் ஹைப்ரிட்: முன்னால் வால்வு, பின்னால் டிரான்சிஸ்டர். அவுட்புட் இம்பிடன்ஸ் ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது என்பது பொதுவான அளவுகோல். சுந்தராவுக்கு அது 5 ஓம் சுமார். பிளானருக்கு இதைக் கொஞ்சம் தளர்த்தலாம், கரண்ட் விஷயத்தில் தளர்த்த வேண்டாம். 32 ஓமில் எத்தனை மில்லிவாட் என்று தயாரிப்பாளர் எழுதாவிட்டால், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஆம்ப் வந்ததும் வால்வில் கை வைக்காதீர்கள். முதலில் கெய்ன், அதாவது ஆம்ப் சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது. வால்யூம் குமிழ் கால்வாசி திரும்புவதற்குள் காது அடைக்கிறது என்றால் கெய்ன் அதிகம். குமிழின் அடிமட்டத்தில் இடமும் வலமும் சமமாக வராது, குரல் ஒரு பக்கம் சாயும். லோ கெய்ன் சுவிட்ச் இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் டேக்கில் (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கான சிக்னலாக மாற்றும் கருவி) 6 முதல் 10 டெசிபல் குறையுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப் பலவற்றில் 'லோ', 'ஹை' என்று இம்பிடன்ஸ் சுவிட்ச் இருக்கும். எச்டி 650-க்கு ஹை என்று மேனுவல் சொன்னாலும் லோவிலும் கேட்டுப் பாருங்கள். சத்தம் குறையும், பேஸ் இறுகும். எனக்கு லோதான் பிடிக்கும்.

இரைச்சல் இருந்தால் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்போதும் 'ம்ம்' என்று கேட்டால் ஆம்பில் அல்லது வால்வில் கோளாறு. பூஜ்யத்தில் அடங்கி, ஏற்றும்போது கூடினால் இன்புட் பக்கம்தான் வம்பு. லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றியதும் நின்றுவிட்டால் அது கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் வழியே சுற்றும் கரண்ட். ஒரு காதில் மட்டும் கரகரப்பு என்றால், பக்கத்துக்கு ஒரு வால்வு உள்ள ஆம்பில் இரண்டையும் இடம் மாற்றுங்கள். கரகரப்பும் காது மாறினால் வால்வு போய்விட்டது. மாறாவிட்டால் சாக்கெட்டைச் சுத்தம் செய்யுங்கள்.

இவ்வளவும் சரியான பிறகு வால்வு மாற்றலாம். டிரைவர் வால்விலிருந்து (சிக்னலை முதலில் பெருக்கி அவுட்புட் வால்வுக்குத் தரும் சிறிய வால்வு) தொடங்குங்கள், வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும். ஒப்பிடும்போது இரண்டு தடவையும் சத்தம் ஒரே அளவில் இருக்கட்டும், இல்லாவிட்டால் சத்தம் கூடியதே நல்லதாகத் தோன்றும்.

சாக்கெட்டில் பொருந்துகிறது என்பதற்காக எதையும் செருகக் கூடாது. 12ஏயூ7, 6922 என்ற வால்வு வகைகள் இரண்டுக்கும் ஒன்பது பின்தான், ஆனால் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) இணைப்பு வேறு. 6என்1பி பின்னமைப்பில் 6922 போலவே இருந்தாலும் ஹீட்டருக்கு 600 மில்லியாம்பியர் இழுக்கும், 6922-க்கு 300 போதும். அந்தச் சுமையை உங்கள் ஆம்பின் பவர் டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்று தயாரிப்பாளரிடம் கேட்காமல் மாற்றாதீர்கள். மாற்றும்போது மின்சாரத்தைத் துண்டித்து, நன்றாக ஆறவிட்டு, அடிப்பகுதியைப் பிடித்து நேராக மேலே இழுங்கள். பயாஸ் (சிக்னல் இல்லாதபோது வால்வில் ஓடும் கரண்டின் அளவு) சரிசெய்ய மூடியைத் திறக்கவேண்டிய ஆம்பாக இருந்தால் மெக்கானிக்கிடம் விடுங்கள். அணைத்த பிறகும் உள்ளேயுள்ள கெபாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும்.