திண்ணையும் ஐந்தடியும்: ஒரு மாணவியின் ஆய்வுக் கேள்வி

வணக்கம் ஐயா,

நான் கோலாலம்பூரில் கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு பயில்கிறேன். இந்தப் பருவத்தில் ஆய்வு முறையியல் என்ற பாடம் முதன்முறையாக வந்திருக்கிறது. பத்து வாரங்களில் ஒரு சிற்றாய்வை முடித்துத் தர வேண்டும். பாட்டி வீடு பினாங்கில் இருப்பதால் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவை எடுத்துக்கொண்டேன். ‘ஐந்தடி நடைபாதை: தமிழர் திண்ணையின் தொடர்ச்சி’ என்பது என் தலைப்பு. கடைவீடுகளின் முன்னே கூரையின் கீழ் தொடர்ந்து ஓடும் நடைபாதையைத்தான் இங்கே ஐந்தடி என்கிறோம். விரிவுரையாளர் முன்மொழிவைப் படித்துவிட்டு, “இது நல்ல கட்டுரை, ஆனால் ஆய்வு இல்லை” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கூகுள் படிவத்தில் நூறு பேரிடம் கருத்துக் கேட்டுச் சேர்த்தால் அது ஆய்வாகிவிடுமா? வடிவமைப்புப் பாடத்தில் நாங்கள் செய்யும் தள ஆய்வுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாமாண்டு மாணவி, கோலாலம்பூர்

அன்புள்ள மாணவிக்கு,

வணக்கம். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளை (கீழே கடை, மேலே வீடு) அளந்து வரைவதிலேயே என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது என்பதால், உங்கள் தலைப்பைப் பார்த்ததும் மகிழ்ந்தேன். ஐந்தடியைத் திண்ணையோடு சேர்த்துப் பார்க்க ஒரு தமிழ் மாணவிக்குத்தான் தோன்றும். ஆயினும் உங்கள் விரிவுரையாளர் சொன்னது சரி. உங்கள் தலைப்பில் விடை முன்னதாகவே வந்து உட்கார்ந்துவிட்டது. விடையோடு தெருவுக்குப் போகிறவருக்கு அங்கே தென்படும் ஒவ்வொரு முக்காலியும் சான்றாகவே தெரியும். ஆகவே களத்துக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: எதைக் கண்டால் இந்தக் கருத்தை நான் கைவிடுவேன்? அந்தத் தாள் வெறுமையாகவே இருந்தால் உங்களிடம் இருப்பது ஒரு நம்பிக்கை. ஆய்வுக் கேள்வி இன்னும் பிறக்கவில்லை.

தள ஆய்வைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு மனையில் ஒரு கட்டடத்தை எழுப்புவதற்காக வெயில், காற்று, வடிகால், அண்டை வீடுகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்கிறீர்கள். கட்டடம் நன்றாக அமைந்தால் அந்தக் குறிப்புகளின் வேலை முடிந்தது. ஆய்வு முடியும்போதோ, வேறொருவர் சரிபார்க்கக்கூடிய, வேறோர் இடத்திலும் பொருத்திப் பார்க்கக்கூடிய ஒரு கூற்று எஞ்சி நிற்க வேண்டும். கருவிகள் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றுதான்.

உங்கள் தலைப்பில் ‘தொடர்ச்சி’ என்ற ஒரு சொல் பெரும் பாரத்தைச் சுமக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று அது சொல்கிறது. அது வரலாற்றுக் கூற்று, அதற்கு வரலாற்றுச் சான்று வேண்டும். சிங்கப்பூருக்கான 1822ஆம் ஆண்டின் நகரமைப்பு அறிவுறுத்தல்களில், ஒவ்வொரு வீட்டின் முன்பும் குறிப்பிட்ட ஆழமுள்ள ஒரு தாழ்வாரம் இருக்க வேண்டும், தெருவின் இரு பக்கமும் அது தொடர்ச்சியாகவும் எந்நேரமும் திறந்தும் இருக்க வேண்டும் என்று அங்கே பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் விதித்திருந்தார். கோலாலம்பூரில் 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து அத்தாப்பு (ஓலை வேய்ந்த) வீடுகளை அழித்த பிறகு, பிரிட்டிஷ் அதிகாரி ஸ்வெட்டன்ஹாம் செங்கல்லாலும் ஓட்டாலும் மீண்டும் கட்ட உத்தரவிட்டார். கடைவீட்டு வரிசைகள் அதன் பின்னரே அங்கே உருப்பெற்றன. ஆக, நம் பெரியவர்கள் ‘அஞ்சடி’ என்றும் மலாயில் ‘காக்கி லீமா’ என்றும் அழைக்கும் இந்த நடைபாதை விதியால் பரவியது. வீட்டுக்காரருடைய நிலத்தில் பொதுமக்கள் நடந்துபோகும் வழி அது. திண்ணையோ வீட்டுக்குச் சொந்தமானது, தரையிலிருந்து உயர்ந்தது, அந்த வீட்டின் சுவரோடு முடிந்துவிடுவது. யார் அதில் உட்காரலாம் என்பதை வீட்டார் முடிவு செய்வார்கள். இரண்டிலும் கூரை நிழலும் தூணும் இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று ஆகிவிடாது. அதை நிறுவ விரும்பினால் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய அரசுக் கோப்புகளையும், நகராட்சிக்கு அளிக்கப்பட்ட கட்டட வரைபடங்களையும், ஜார்ஜ்டவுனின் ஒவ்வொரு கட்டடத்தையும் காட்டும் 1893ஆம் ஆண்டின் கெல்லி நிலப்படத்தையும் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும். பத்து வாரத்துக்கு அது பொருந்தாது. முதுகலையில் செய்யுங்கள், செய்தால் மிகவும் மகிழ்வேன்.

பத்து வாரத்தில் செய்யத்தக்க கேள்வி ஒன்றும் அதே தலைப்பில் ஒளிந்திருக்கிறது. இன்று லிட்டில் இந்தியாவின் லெபோ பாசார் தெருக் கடைக்காரர்கள் ஐந்தடியைத் திண்ணையைப் போலப் பயன்படுத்துகிறார்களா? இந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்பதும் ஒரு விடையாக வரலாம். அதனாலேயே இது நல்ல கேள்வி. ஆனால் ‘திண்ணையைப் போல’ என்றால் என்ன? கண்ணால் பார்த்து எண்ணக்கூடிய செயல்களாக அதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். வாங்கவோ விற்கவோ வராத ஒருவர் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பது, கடைக்காரரும் வழிப்போக்கரும் நின்று பேசுவது, பூக்கட்டுதல் போன்ற கைவேலை, குழந்தை படிப்பது அல்லது விளையாடுவது, உறங்குவது. சரக்கு அடுக்குவதையும் மோட்டார் சைக்கிள் நிறுத்துவதையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அவை திண்ணையின் இயல்புக்கு எதிரான சான்றாகவும் அமையக்கூடும். இந்த வரையறையை உங்களோடு படிக்கும் ஒருவரிடம் கொடுத்து, இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பத்துக் கடைகளைத் தனித்தனியாகக் குறித்துப் பாருங்கள். எண்ணிக்கைகள் பெரிதும் வேறுபட்டால் குறை பெரும்பாலும் வரையறையில்தான் இருக்கும், மறுபடியும் எழுதுங்கள்.

பிறகு ஒரு தரைப்படம் வரைந்துகொள்ளுங்கள். லெபோ குயினுக்கும் லெபோ கிங்குக்கும் இடைப்பட்ட துண்டு போதும், தெரு முழுவதும் வேண்டாம். ஐந்தடியின் அகலத்தை ஒவ்வொரு கடையிலும் நாடாவால் அளந்து எழுதுங்கள். பெயரில் ஐந்து இருந்தாலும் அகலம் இடத்துக்கு இடம் மாறும், படிகளும் தரைமட்டமும் மாறும். தரைப்படத்தின் நகல்களில், குறித்த நேரங்களில் தெருவை ஒருமுறை நடந்து, அந்தக் கணத்தில் யார் எங்கே என்ன செய்கிறார் என்பதைக் குறியீடுகளால் பதியுங்கள். கடை திறக்கும் வேளை, நண்பகல், மாலை, இரவு. ஒரு வேலைநாள், ஒரு சனிக்கிழமை. வெள்ளிக்கிழமையை விட்டுவிடாதீர்கள், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் தொழுகை முடிந்து வரும் கூட்டம் அந்த நாளின் நடமாட்டத்தையே மாற்றிவிடும். மழை பெய்தால் அதற்காக ஓடி ஒளியாமல் அப்போதும் ஒருமுறை நடந்து பதியுங்கள், ஏனென்றால் ஐந்தடி எதற்காக விதிக்கப்பட்டதோ அந்த வேலையை அது செய்வதை அப்போதுதான் பார்க்க முடியும்.

1970களில் நியூயார்க்கின் சிறு சதுக்கங்களைப் படமெடுத்து ஆராய்ந்த நகர ஆய்வாளர் வில்லியம் வைட்டும் அவருடைய குழுவினரும், மக்களை ஈர்ப்பது வெயிலாக இருக்கும், இடத்தின் பரப்பாக இருக்கும், வடிவமாக இருக்கும் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார்கள். எண்ணிப் பார்த்தபோது அவை எவையும் போதிய விளக்கமாக நிற்கவில்லை. உட்கார இடம் எவ்வளவு இருக்கிறது என்பதே முன்னுக்கு வந்தது. கேட்க எளிதாக இருக்கும் அந்த முடிவுக்கு அவர்கள் தம் முதல் எண்ணங்களை உதறிய பின்னரே வந்து சேர்ந்தார்கள்.

அடுத்தது ஒப்பீடு. உங்கள் முன்மொழிவில் இது அறவே இல்லை. லெபோ பாசாரில் நூறு பேர் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாலும், அது தமிழர் வழக்கம் என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. லெபோ கேம்பல் போன்ற சீனக் கடைத்தெருவிலும் அதே அளவு உட்கார்ந்திருந்தால் உங்கள் கருத்து அங்கேயே விழுந்துவிடும். எனவே இரண்டாவது தெரு ஒன்று வேண்டும். முதல் தெருவுக்கு இயன்றவரை ஒத்ததாக அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில், சூழல் மனிதரை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்ந்த ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்றும் முன்மாதிரி. பென்சில்வேனியாவின் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை முடிந்தவர்களில், சன்னலுக்கு வெளியே மரங்களைக் காணும் அறையில் இருந்த 23 பேரையும் செங்கற்சுவரைக் காணும் அறையில் இருந்த 23 பேரையும் அவர் ஒப்பிட்டார். வயது, பால், புகைபிடிக்கும் பழக்கம், உடற்பருமன், அறுவை நடந்த ஆண்டு முதலியவற்றில் ஒத்தவர்களை இணை இணையாகச் சேர்த்தார். மரங்களைப் பார்த்தவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்துகளையும் குறைவாகவே கேட்டார்கள். யாருக்கும் எந்தப் படிவத்தையும் நீட்டாமல், ஏற்கெனவே இருந்த மருத்துவப் பதிவேடுகளை வைத்தே அதைச் செய்தார். உங்களுக்கும் அதே கவனம் வேண்டும்: கடைகளின் வகை, தெருவின் திசை, வாகன நெரிசல், நடைபாதையின் அகலம் ஆகியவை ஒத்திருக்கும் வரிசையைத் தேடுங்கள். முழுமையாக ஒத்தது கிடைக்காது. எதில் ஒத்துப்போகவில்லை என்பதை அறிக்கையில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

இப்போது கூகுள் படிவம். நூறு என்ற எண் எதையும் ஆய்வாக்கிவிடாது. நீங்கள் அனுப்பும் இணைப்பு உங்கள் வகுப்பினருக்கும் உறவினருக்கும் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களுக்கும்தான் போகும். லெபோ பாசாரில் காலை முதல் இரவு வரை நிற்கிற மசாலைக்கடைப் பெரியவர் அதைத் திறக்கப்போவதில்லை. அத்துடன், மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்க்க முடியும்போது அதைக் கேள்வியாகக் கேட்பது பலவீனமான வழி, ஏனெனில் மனிதர்கள் தாம் செய்வதாக நம்புவதைச் சொல்வார்கள். “ஐந்தடி நம் பண்பாட்டின் அடையாளம் என்று கருதுகிறீர்களா?” என்று கேட்டால் ஆம் என்றுதான் சொல்வார்கள்; மறுப்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும். படிவத்தை விட்டுவிடுங்கள். ஏழெட்டுக் கடைக்காரர்களிடம் நேரில் பேசுங்கள்.

அந்த உரையாடல்களில் நீங்கள் எதிர்கொள்ளப் போகும் சிக்கல் ‘அப்போதெல்லாம்’ என்ற சொல். “அப்போதெல்லாம் எல்லாரும் வெளியேதான் உட்கார்ந்திருப்போம்” என்பார்கள். என் இளமையில் ஒரு பெரியவர் சொன்ன அப்படியொரு வாக்கியத்தைப் போருக்கு முந்தைய காலம் என்று எழுதிவிட்டேன். பிற்பாடு அவருடைய மகளோடு பேசியபோதுதான் அவர் சொன்னது 1970களை என்று தெரிந்தது. அதற்குள் அறிக்கை அச்சாகிவிட்டது. ஆண்டைக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது, நிகழ்வோடு சேர்த்துக் கேட்டால் நினைவு வரும். வாடகைக் கட்டுப்பாடு இருந்தபோதா, எடுத்த பிறகா? பழைய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய 1966ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு 2000ஆம் ஆண்டு தொடங்கியபோது முடிவுக்கு வந்ததும், கடைக்கு மேல்மாடியில் குடியிருந்த பல குடும்பங்கள் வெளியேறின. 2008இல் நகரம் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இந்த இரண்டையும் அந்தத் தெருவில் பெரும்பாலோர் அறிவார்கள். மேல்மாடியில் குடும்பம் இல்லாத கடையின் ஐந்தடியில் மாலையில் யார் உட்காருவார்கள் என்பதையும் சிந்தித்துப் பாருங்கள்; பண்பாட்டு மாற்றமாக உங்களுக்குத் தோன்றுவது குடியிருப்பின் மாற்றமாகவும் இருக்கலாம். ஒரு செய்தியைப் பேச்சிலும், நேரடிப் பதிவிலும், ஆவணத்திலும் என மூன்று பக்கமிருந்து சரிபார்ப்பது இதற்காகத்தான்.

பேசும் முன் நீங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள், விருப்பமில்லாவிட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதைச் சொல்லிவிடுங்கள். கடைகளில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் முகம் தெரியும் படங்களை எடுக்க வேண்டாம். நடைபாதையில் சரக்கு வைத்திருக்கும் கடையின் பெயரையும் அறிக்கையில் போட வேண்டாம், அது நாளை அபராதச் சீட்டாக மாறக்கூடும். தரைப்படத்தில் கடைகளுக்கு எண் கொடுத்தால் போதும்.

படிக்க வேண்டிய கட்டுரைகளைப் பொறுத்தவரை, ஒவ்வொன்றையும் சுருக்கி எழுதிக்கொண்டிருக்காமல், ஆசிரியர் எதைச் சொல்கிறார், எந்தச் சான்றைக் கொண்டு சொல்கிறார் என்ற இரண்டை மட்டும் குறித்து வையுங்கள். பத்துக் கட்டுரைகளை அப்படிப் படித்தால் இந்த அளவு ஆய்வுக்குப் போதும்.

அறிக்கையை நீங்கள் ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுத வேண்டியிருக்கும். கடைக்காரர்கள் தமிழில் சொன்னதை முதலில் அவர்கள் சொன்னபடியே தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு மொழிபெயருங்கள். அந்த இடத்தை அவர்கள் எந்தச் சொல்லால் அழைக்கிறார்கள் என்று கவனியுங்கள்: அஞ்சடியா, வாசலா, கடைமுகப்பா, திண்ணையா? நீங்கள் முந்திக்கொண்டு ‘திண்ணை’ என்ற சொல்லை ஒருமுறைகூட உச்சரிக்கக் கூடாது. பேசிய எட்டுப் பேரில் ஒருவராவது தாமாக அந்தச் சொல்லைச் சொன்னாரா என்பது உங்கள் அறிக்கையில் தனியாக ஒரு பத்தி பெற வேண்டும், எவரும் சொல்லவில்லை என்றாலும்.

அன்புடன்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு