அப்பாவின் வலப்பக்கத்து நாற்காலி

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, என் அப்பாவுக்குக் காது மந்தம் என்றும், பல வருடங்களாக அவருடைய வலப்பக்கத்தில் உட்கார்ந்து வசனங்களைச் சொல்லிக்கொண்டே படம் பார்த்துப் பழகியவள் நான் என்றும் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு, இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே சினிமாவைப் பற்றித்தான். நான் விமர்சகர் இல்லை. அகப்பட்ட படத்தை ஆசையாகப் பார்க்கிற ஒரு ரசிகையின் அபிப்பிராயங்கள் இவை.

பக்கத்தில் இருப்பவருக்கு வசனம் சொல்லிக்கொண்டே இருந்தால், நீங்கள் எப்படிப் படத்தை ரசிக்க முடியும்?

எல்லா வசனத்தையும் சொல்ல முடியாது. பத்து வாக்கியத்தை ஒன்றாகச் சுருக்க வேண்டும். அதை அப்பாவின் வலக் காதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த நான்கு வாக்கியங்கள் போய்விட்டிருக்கும். அப்போதுதான் பேசுகிறவரை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருக்கிறவரின் முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். என்ன சொல்லப்பட்டது, அது வலித்ததா, நம்பப்பட்டதா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். இன்று தனியாகப் பார்த்தாலும் என் கண் அங்கேதான் போகிறது. ஒரு படம் நன்றாக இருக்கிறதா என்று யாராவது கேட்டால், அதில் ஒருவர் இன்னொருவரைக் காது கொடுத்துக் கேட்கிறாரா என்றுதான் முதலில் யோசிப்பேன்.

நகைச்சுவைக்கு வசனம்தானே உயிர்? உங்கள் அப்பா அதில் எதை ரசித்திருப்பார்?

1964இல் ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை'யில், சினிமா எடுக்கத் துடிக்கும் மகன் நாகேஷ், அப்பா பாலையாவை உட்காரவைத்துத் திகில் கதை சொல்லும் காட்சியை நீங்கள் எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்! எல்லோரும் நாகேஷைத்தான் புகழ்வார்கள். வாயாலேயே சத்தங்களை எழுப்பி அவர் சொல்கிற அழகு அப்படி. அந்தச் சத்தம் ஒன்றுகூட என் அப்பாவுக்குக் கேட்டதில்லை. ஆனாலும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது பாலையாவை. பெரிய மனிதத் தோரணையோடு உட்கார்ந்திருக்கிறவரின் முகத்தில் பயம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. அவர் பயப்படாமல் இருந்திருந்தால் நாகேஷ் என்ன செய்திருந்தாலும் எடுபட்டிருக்காது. அந்தக் காட்சியில் பாதிக்கு மேல் பாலையாவுடையது என்று நான் யாரிடமும் வாதாடத் தயார்.

ஒரே அறையில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிற '12 ஆங்ரி மென்' படத்தை ஏன் எல்லோரும் கொண்டாடுகிறார்கள்? எனக்கு அரை மணி நேரத்திலேயே அலுத்துவிட்டது.

இன்னொரு தடவை பாருங்கள், தயவுசெய்து. 96 நிமிடங்கள்தான். சிட்னி லூமெட் 1957இல் எடுத்த முதல் திரைப்படம் அது. ஒரு சிறுவன் கொலைகாரனா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டிய நீதிமன்ற நடுவர்கள் பன்னிரண்டு பேர். ஆரம்பத்தில், குற்றவாளி என்று நினைப்பவர்களைக் கைதூக்கச் சொல்கிறார்கள். சிலர் உடனே தூக்குகிறார்கள், சிலர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தூக்குகிறார்கள். பதினோரு கைகள். அந்தத் தயக்கத்திலேயே கதை முழுவதும் இருக்கிறது.

நாங்கள் முதலில் பார்த்தபோது வசன வரிகள் கிடையாது. பேச்சு பேச்சாகப் போகிற படத்தை அப்பாவுக்கு எப்படிச் சொல்லப்போகிறேன் என்று பயந்தேன். கடைசிப் பகுதி வந்தபோது அவராகவே, "கூரை இறங்கிவிட்டது, பார்த்தாயா?" என்றார். நான் கவனிக்கவே இல்லை. பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்: தொடக்கத்தில் கேமராவைக் கண் மட்டத்துக்கு மேலே வைத்து, போகப் போக இறக்கி, இறுதியில் கண் மட்டத்துக்குக் கீழே கொண்டுபோயிருக்கிறார்கள். அதனால்தான் கூரை படச் சட்டகத்துக்குள் வந்து அழுத்துகிறது. சுவர்கள் நெருங்கி வருவதுபோலத் தோன்றும்படி லென்சுகளையும் மாற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். அத்தனையும் காது கேளாத ஒருவருக்குத் தானாகவே தெரிந்தது.

இன்னொன்று. அந்தப் பன்னிரண்டு பேரில் வயதான ஒருவர் இருக்கிறார். எல்லோரும் கத்திக்கொண்டிருக்கும்போது, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மூக்கின் இரு பக்கமும் பதிந்த தடத்தைத் தேய்த்துவிடுகிற மனிதரை அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். வழக்கின் முடிச்சு அந்தத் தேய்ப்பில்தான் அவிழ்கிறது. மேற்கொண்டு சொல்லமாட்டேன்.

திகில் படத்தில் சத்தத்தை நிறுத்திவிட்டால் பயம் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

சத்தத்தால் மட்டும் பயமுறுத்துகிற படமாக இருந்தால் போய்விடும். திடீரென்று கதவு அறைந்து நாங்கள் எல்லோரும் துள்ளி விழும்போது, "என்ன ஆயிற்று?" என்று அப்பா நிதானமாகக் கேட்டிருக்கிறார். 'சைக்கோ'வின் குளியலறைக் காட்சிக்கு ஹிட்ச்காக் முதலில் இசையே வேண்டாம் என்றுதான் நினைத்திருக்கிறார். பெர்னார்ட் ஹெர்மன் வெறும் நரம்புக் கருவிகளை வைத்துக்கொண்டு கீறியெடுத்த அந்த இசையைக் கேட்ட பிறகு மனம் மாறினார். அது 1960.

மூன்று வருடம் கழித்து அதே ஹிட்ச்காக், பறவைகள் மனிதர்களைத் தாக்கும் 'தி பேர்ட்ஸ்' எடுத்தார். அதில் வழக்கமான பின்னணி இசையே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் கதாநாயகி உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிறாள். அவளுக்குப் பின்னால், குழந்தைகள் ஏறி விளையாடும் கம்பிகளின் மேல் ஒரு காகம் வந்து உட்காருகிறது. பிறகு இன்னொன்று. பிறகு சில. அவள் திரும்பவில்லை. வானத்தில் பறந்து போகிற ஒரு காகத்தை அவள் கண் தொடர்ந்து போய்ப் பின்னால் திரும்பும்போது கம்பிகள் முழுவதும் கறுப்பாக இருக்கின்றன. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்த பிடி, படம் முடிந்தும் விடவில்லை.

சுறா மீன் படமான 'ஜாஸ்' வெறும் பொழுதுபோக்குத்தானே?

இல்லை. 1975இல் வெளிவந்த அந்தப் படத்தை ஸ்பீல்பெர்க் எடுத்தபோது இயந்திரச் சுறா கடலில் அடிக்கடி பழுதாகி நின்றுபோனது. அதனால் அதைக் காட்டாமலே கதையை நகர்த்த வேண்டிவந்தது, பயமும் கூடியது என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. நான் சொல்ல வருவது வேறு. ஒரு சிறுவனின் சாவுக்குத் தானும் காரணம் என்று மனம் உடைந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறார் காவல் அதிகாரி. பக்கத்தில் அவருடைய சின்ன மகன். அப்பா டம்ளரைத் தூக்கினால் அவனும் தூக்குகிறான். கைகளைக் கோத்தால் அவனும் கோக்கிறான். முகத்தைப் பொத்தினால் அவனும் பொத்துகிறான். அதைக் கவனித்த பிறகு அவர் ஒரு முத்தம் கேட்கிறார். எதற்கு என்கிறான் பையன். தனக்குத் தேவையாக இருப்பதாகச் சொல்கிறார். சுறா இல்லாத இந்தக் காட்சிக்காகவே நான்கு தடவை பார்த்துவிட்டேன்.

விண்வெளிப் படங்கள் புரிவதே இல்லை. ஏதாவது ஒன்று சிபாரிசு செய்ய முடியுமா?

'2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'. ஸ்டான்லி குப்ரிக், 1968. எனக்கும் முழுவதும் புரிந்துவிட்டதாகச் சொல்லமாட்டேன். ஆனால் முதல் இருபது நிமிடங்களுக்கு மேல் ஒரு வார்த்தைகூடப் பேச்சில்லை. அவ்வளவு நேரமும் நானும் அப்பாவும் சமமாகப் படம் பார்த்தோம். பின்னால் ஒரு காட்சி. ஹால் என்ற கணினிக்குக் கேட்கக்கூடாது என்று இரண்டு விண்வெளி வீரர்கள் ஒரு கூண்டுக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அந்தப் பேச்சு நமக்குக் கேட்பதில்லை. உதடுகள் மட்டும் பெரிதாகத் தெரிகின்றன. இந்த உதடு, அந்த உதடு, மறுபடி இந்த உதடு. கணினி உதட்டசைவைப் படித்துக்கொண்டிருக்கிறது! திரையரங்கில் எல்லோருக்கும் அது பயங்கரம். உதடு படித்தே வாழ்கிற அப்பா மட்டும், "நான் செய்வதைத்தான் அது செய்கிறது" என்று முழுக் குரலில் சொன்னார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்தது குறைவு.

எந்த மாதிரிப் படம் உங்களுக்கு அறவே பிடிக்காது?

முகத்தை இருட்டில் வைத்துக்கொண்டு முக்கியமான விஷயத்தைப் பேசவைக்கிற படங்கள். முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவதும் அப்படித்தான்.

துப்பறியும் படங்களில் 'அந்த நாள்' 'ரஷோமான்' படத்தின் தழுவல் என்கிறார்களே?

அகிரா குரோசவாவின் 'ரஷோமான்' (1950) பார்த்த தாக்கத்தில்தான் எஸ். பாலச்சந்தர் 1954இல் 'அந்த நாள்' எடுத்தார். ஆனால் தழுவல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பாட்டே இல்லாமல் தமிழில் ஒரு படம், அதுவும் தொடங்கியவுடனே சிவாஜி சுடப்பட்டுச் சாகிறார் என்றால், அந்தக் காலத்தில் எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்!

இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. 'அந்த நாள்' படத்தில் விசாரிக்கிறவரை நாம் பார்க்கிறோம். ஜாவர் சீதாராமன். அவர் தலையை லேசாகச் சாய்த்தாலே, சொல்கிறவர் பொய் சொல்கிறாரோ என்று நமக்கும் தோன்றிவிடுகிறது. 'ரஷோமான்' படத்தில் விசாரணை செய்கிறவர் திரையில் வரவே மாட்டார். அவர் குரலும் கேட்காது. சாட்சிகள் நேராக நம்மைப் பார்த்துச் சொல்கிறார்கள். கேட்கிற முகத்தைத் தேடியே பழகிய எனக்கு அது ஒரு திகைப்பு. கேட்கிறவள் நான்தான் என்பது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பழைய காதல் படங்களில் ஒன்று?

சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்'. 1931இல், எல்லோரும் பேசும்படத்துக்கு மாறிவிட்ட பிறகு, பேச்சில்லாமல் எடுத்தார். பார்வை திரும்பக் கிடைத்த பூக்காரப் பெண், தனக்கு உதவிய நாடோடி சாப்ளினை யாரோ ஏழை என்று இரங்கி, அவன் கையில் நாணயத்தை வைக்கிறாள். விரல்கள் பட்டவுடன் அவளுக்குச் சந்தேகம். கையிலிருந்து சட்டைக்கு, சட்டையிலிருந்து தோளுக்கு என்று விரல் தடவிக்கொண்டு போகிறது. அவ்வளவுதான். காதல் படம் வேறு வேண்டாம் எனக்கு.

கார்ட்டூன் படம் பெரியவர்கள் பார்க்கலாமா?

பார்க்க வேண்டும். ஹயாவோ மியசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ'வும், இசாவோ தகஹதாவின் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' படமும் 1988இல் ஒரே காட்சியில் அடுத்தடுத்துக் காட்டப்பட்டன. இரண்டாவது, போரில் அநாதையான அண்ணன் தங்கையின் கதை. என்னால் இன்னொரு தடவை பார்க்க முடியாது. முதலாவதில், மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் சிறுமியின் பக்கத்தில் டோட்டோரோ என்ற பெரிய காட்டு உயிரினம் வந்து நிற்கும். அவள் கொடுத்த குடையின் மேல் மரத்திலிருந்து ஒரு சொட்டு விழும். அதற்குக் கண் விரியும். இன்னொரு சொட்டு. அந்தச் சத்தம்தான் அங்கே எல்லாம். அப்பாவுக்கு எப்படிச் சொல்வது? அவர் உள்ளங்கையை விரித்து, ஒவ்வொரு சொட்டுக்கும் விரலால் ஒரு தட்டு தட்டினேன். டோட்டோரோ துள்ளிக் குதித்து மரத்து நீரெல்லாம் கொட்டியபோது பத்து விரலாலும் தட்டினேன்.

காது கேளாத குடும்பத்தைப் பற்றிய 'கோடா' உங்களுக்குப் பிடித்திருக்குமே?

பாதிதான். 2021இல் வந்தது, ஆஸ்கரில் சிறந்த படமாகத் தேர்வானது. கதை எங்கே போய்ச் சேரும் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஆனால் காது கேட்கும் மகள் மேடையில் பாடும்போது ஒலி அப்படியே நின்றுபோகிறது. பெற்றோர் சுற்றியிருப்பவர்களின் முகங்களைப் பார்த்துத் தங்கள் மகள் நன்றாகப் பாடுகிறாள் என்று தெரிந்துகொள்கிறார்கள். அன்று இரவு அவளுடைய அப்பா, தனக்காகப் பாடச் சொல்லி மகளின் கழுத்தில் கை வைத்துப் பார்க்கிறார். நடித்த டிராய் காட்சர் நிஜமாகவே காது கேளாதவர். அந்த இரண்டு காட்சிகளுக்கு முன்னால் என் குறையெல்லாம் நிற்காது.

வேற்றுமொழிப் படத்தை டப்பிங்கில் பார்ப்பது நல்லதா, சப்டைட்டிலோடு பார்ப்பது நல்லதா?

சப்டைட்டில்தான். கொரிய மொழிப் படமான 'பாரசைட்' 2020இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. ஆங்கிலம் அல்லாத படம் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் தடவை. அதை நாங்கள் பார்த்தபோது நான் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் கொரிய மொழி தெரியாது, அவருக்கும் கேட்காது. இரண்டு பேரும் ஒரே வரியைப் படித்தோம், ஒரே நேரத்தில் சிரித்தோம். ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' பார்த்தபோதும் அப்படித்தான். அதில் பேசுகிறவர்கள் ஏறக்குறைய நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசுவார்கள். ஒவ்வொருவருக்கும் அப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார்.

தன் தாய்மொழிப் படம் வந்தால்தான் அவர் அந்நியராகிவிடுகிறார். அதில் பெரும்பாலும் வரிகள் இருப்பதில்லை, இருந்தாலும் பல சமயம் வேறு மொழியில் இருக்கும். எந்த மொழிப் படமானாலும் அந்த மொழியிலேயே வசன வரிகள் வேண்டும். கதவு தட்டப்படுகிறது, தூரத்தில் நாய் குரைக்கிறது என்ற குறிப்புகளும் வேண்டும். இதைக் கேட்டுப் படம் எடுக்கிறவர்களுக்கு நீங்களும் எழுதுங்கள்.

என் அம்மாவுக்கு இப்போதுதான் காது மந்தமாகியிருக்கிறது. படம் பார்ப்பதையே விட்டுவிட்டார். எப்படி மறுபடி உட்காரவைப்பது?

எந்தக் காது கொஞ்சமாவது கேட்கிறதோ அந்தப் பக்கம் உட்காருங்கள். விளக்கை முழுவதும் அணைக்காதீர்கள், உங்கள் உதடு அவருக்குத் தெரிய வேண்டும். கிசுகிசுக்காமல், நிதானமாக, சாதாரணக் குரலில் சொல்லுங்கள். அவர் ஏற்கெனவே பார்த்து ரசித்த படத்தில் தொடங்குங்கள். எல்லோரும் சிரிக்கும்போது அவர் "என்ன?" என்று கேட்பார். "ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். படத்தை நிறுத்துங்கள். சொல்லுங்கள். அவர் சிரித்து முடித்த பிறகு மறுபடி ஓடவிடுங்கள்.