‘ஹைப்போ’ பல்லி ஜோடி என்று வாங்கினேன், பொரித்ததெல்லாம் சாதாரணக் குஞ்சு: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: லண்டன் ஹேரோவில் இருக்கிறேன். ஐந்து மாதத்துக்கு முன் ஒருவரிடம் ஒரு ஜோடி பியர்டட் டிராகன் (வீட்டில் வளர்க்கும் ஒரு வகைப் பல்லி) 650 பவுண்டுக்கு வாங்கினேன். பெண் சிவப்பு ஹைப்போ, அதாவது கருநிறம் குறைந்த வகை. ஆண் பார்க்கச் சாதாரணம்தான், ஆனால் ‘நூறு சதவீத ஹெட் ஹைப்போ, வேற பிளட்லைன், நோய் எதுவும் இல்லாத கூட்டம்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். (ஹெட் என்றால் அந்த நிறத்தின் மரபணுவை வெளியே தெரியாமல் சுமப்பது; பிளட்லைன் என்றால் வம்சம்.) நல்ல நிறத்தில் குஞ்சு எடுக்க ஆசை என்று நானும் சொல்லியிருந்தேன். 19 குஞ்சு பொரித்தது; ஒன்றுகூட ஹைப்போ இல்லை. ஆறு குஞ்சு வளராமலே செத்துப்போயின. பிசிஆர் பரிசோதனையில் தாய்க்கும் தகப்பனுக்கும் அடினோவைரஸ். மிருக வைத்தியருக்கு மட்டும் 240 பவுண்டு போய்விட்டது. வீட்டில் வேறு பல்லி, பாம்பு எதுவும் கிடையாது. விற்றவர் வாராவாரம் குஞ்சு விளம்பரம் போடுகிறவர். கேட்டால், ‘நான் பொழுதுபோக்குக்கு வளர்க்கிறேன், பார்த்துத்தானே வாங்கினீங்க’ என்கிறார். நான் நாலு குஞ்சைத் தெரிந்தவர்களுக்குத் தலா 50 பவுண்டுக்குக் கொடுத்துவிட்டேன். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஆதாரமும் ஓரளவு இருக்கிறது. ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் சொன்ன அந்த நாலு குஞ்சு விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

செல்லப்பிராணியும் சட்டத்தின் கண்ணில் ஒரு பொருள்தான். விற்றவர் வியாபாரி, நீங்கள் நுகர்வோர் என்றால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் பொருந்தும். பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும், எதற்கு வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்களோ அதற்கு உதவ வேண்டும், சொன்ன வர்ணனைப்படி இருக்க வேண்டும். ‘பார்த்துத்தானே வாங்கினீங்க’ என்று சொல்லி வியாபாரி இதிலிருந்து நழுவ முடியாது. அவர் தனிநபராக விற்றவர் என்று தீர்ந்தால் தரம் பற்றிய உரிமை போய்விடும். வர்ணனை பற்றியது மட்டும் நிற்கும். 1979ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தில் அது தனிநபர் விற்பனைக்கும் உண்டு. பொய்யான வாக்கை நம்பி வாங்கியதற்கு 1967ஆம் ஆண்டின் தவறான கூற்றுச் சட்டமும் துணைக்கு வரும்.

ஆகவே முதல் வேலை, அவர் யார் என்று நிறுவுவது. இங்கிலாந்தில் செல்லப்பிராணி விற்பதைத் தொழிலாகச் செய்பவர் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி உள்ளூர் கவுன்சிலில் லைசென்ஸ் எடுக்க வேண்டும்; விளம்பரத்தில் அந்த எண்ணைப் போட வேண்டும். (ஸ்காட்லாந்து, வேல்ஸ் வாசகர்களுக்கு லைசென்ஸ் விதிகள் வேறு.) அவருடைய கவுன்சிலுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். லைசென்ஸ் இருக்கிறது என்றால், கவுன்சிலிடம் தொழில் என்று சொன்னவர் நீதிபதியிடம் பொழுதுபோக்கு என்று சொல்வது கடினம். இல்லை என்றால், வாராவார விளம்பரத்துக்கு அவர் வேறு இடத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி. அந்த விளம்பரங்களை இன்றைக்கே தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு அழிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ‘பணம் தராவிட்டால் கவுன்சிலில் சொல்லிவிடுவேன்’ என்று எழுதாதீர்கள். புகார் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் கொடுங்கள். அதைப் பணத்தோடு முடிச்சுப் போட்டால் மிரட்டல் என்று உங்கள் மேலேயே திரும்பும்.

சரி, ஆதாரத்துக்கு வருவோம். ஹைப்போ ஒடுங்கு பண்பு. தாய், தகப்பன் இரு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். தாய் உண்மையான ஹைப்போ, தகப்பன் உண்மையான ஹெட் என்றால் ஒவ்வொரு குஞ்சுக்கும் பாதி வாய்ப்பு. 19 குஞ்சும் தவறுவதற்கான வாய்ப்பு ஐந்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும் என்று நினைப்பீர்கள். ஆனால் எதிராளிக்கு விவரம் தெரிந்தால் ஒரு ஓட்டை கண்டுபிடிப்பார்: பெண் டிராகன் முந்திய இணைசேர்க்கையின் விந்தை உடலில் சேமித்து வைக்கும், ஒரு தடவை சேர்ந்து அடுத்தடுத்து முட்டையிடும். ‘இந்தக் குஞ்சுகளுக்கு என் ஆண் தகப்பனே இல்லை’ என்று அவர் சொல்லலாம். சொன்னால், வேறு ஆணோடு இருந்த பெண் என்பதை விற்கும்போது ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். அதைவிட நேரான வழி, ஆணின் பெற்றோர் யார், எப்போது பொரித்தது என்ற பதிவையும் படத்தையும் எழுத்தில் கேட்பது. நூறு சதவீத ஹெட் என்று அடித்துச் சொல்ல, பொதுவாகப் பெற்றோரில் ஒன்றாவது கண்ணுக்குத் தெரியும் ஹைப்போவாக இருந்திருக்க வேண்டும். ஒழுங்காக இனப்பெருக்கம் செய்பவரிடம் இந்தப் பதிவு இல்லாமல் இருக்காது. வேற பிளட்லைன் என்ற வாக்குக்கும் அதே பதிவுதான் பதில். உங்கள் பெண் டிராகனின் நகங்களையும் கிட்டத்தில் படம் எடுங்கள். ஹைப்போவுக்குக் கருங்கோடு இல்லாத தெளிந்த நகம்.

நிறத்தைவிட நோய்தான் உங்களுக்குப் பலமான வாதம். அடினோவைரஸ் பெரிய டிராகனில் வெளியே தெரியாமலே இருக்கும், குஞ்சுகளைத்தான் வாட்டும், குணப்படுத்த மருந்து இல்லை. எனவே ‘பார்த்து வாங்கினீங்க’ என்பது இங்கே எடுபடாது. பார்த்தால் தெரிகிற குறையல்ல. நுகர்வோர் சட்டப்படி, விலைக்குறைப்போ திருப்பிக் கொடுப்பதோ கேட்கும்போது, ஆறு மாதத்துக்குள் தெரியவந்த குறை வாங்கும்போதே இருந்தது என்று எடுத்துக்கொள்ளப்படும்; இல்லை என்று காட்டுவது விற்றவர் பொறுப்பு. ‘உங்கள் வீட்டில் தொற்றியது’ என்பார். வேறு ஊர்வன வீட்டில் இல்லை என்பதை முதல் கடிதத்திலேயே எழுதுங்கள். மிருக வைத்தியரிடம் பரிசோதனைத் தேதியும் முடிவும் உள்ள ஒரு கடிதம் வாங்குங்கள். வெறும் பில் போதாது.

உடனே திருப்பிக் கொடுக்கும் 30 நாள் உரிமை முடிந்துவிட்டது. மாற்று டிராகன் கேட்கலாம், ஆனால் அதே கூட்டத்திலிருந்து இன்னொன்று வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பிள்ளைகள் இந்த ஜோடியோடு பழகிவிட்டார்கள் என்றால் விலைக்குறைப்பும் வைத்தியச் செலவும் கேளுங்கள். முழுப் பணம் வேண்டும் என்றால் ஜோடியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். ‘19 ஹைப்போ குஞ்சு விற்றால் இவ்வளவு லாபம் வந்திருக்கும்’ என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். விற்கத்தான் வாங்கினேன் என்று நீங்களே சொன்னால் நுகர்வோர் என்ற இடத்தை இழப்பீர்கள். நிறமான குஞ்சு எடுக்க ஆசை என்பது வேறு, வியாபாரம் என்பது வேறு.

இனி அந்த நாலு குஞ்சு. அவரை அளக்கிற கோல் உங்களையும் அளக்கும். நாலு குஞ்சை 200 பவுண்டுக்குக் கொடுத்ததால் மட்டும் நீங்கள் தொழில் செய்பவர் ஆகிவிட மாட்டீர்கள். ஆனால் லாப நோக்கில் விற்பதுதான் கவுன்சில் பார்க்கிற முக்கியமான அடையாளம். விளம்பரம் போட்டு அடுத்த முட்டைத் தொகுதியையும் விற்றால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம். லைசென்ஸ் இல்லாமல் தொழிலாக விற்பது 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி குற்றம், ஆறு மாதச் சிறை வரை போகும். அதற்கு முன் இன்னொன்று: பரிசோதனை முடிவு கைக்கு வந்தபின் மிச்சக் குஞ்சுகளை யாருக்கும் கொடுக்காதீர்கள், இலவசமாகக்கூட. வாங்கிய நாலு பேருக்கும் இந்த வாரமே எழுதிச் சொல்லி, பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வாருங்கள். அவர்கள் வீட்டில் வேறு டிராகன் இருக்கலாம். நீங்கள் தெரிந்தும் மறைத்தீர்கள் என்று அவர்களில் ஒருவர் வந்து சொன்னால் உங்கள் வழக்கே கோணிப்போகும். ஜோடியை இப்போதே பிரித்து வையுங்கள். பிரித்தாலும் அந்தப் பெண் இன்னொரு முறை முட்டையிடலாம்.

அப்புறம் நடைமுறை. என்ன வாக்கு, என்ன குறை, எவ்வளவு பணம் என்று ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி 14 நாள் கொடுங்கள். பதில் வராவிட்டால் ஸ்மால் கிளைம்ஸ், அதாவது சிறு தொகை வழக்குகளுக்கான எளிய நீதிமன்ற வழி. 10,000 பவுண்டு வரையான பண வழக்குகள் அங்கே போகும். 650ம் 240ம் சேர்ந்து 890 பவுண்டு கேட்டால் வழக்குப் போடும் கட்டணம் 70. வழக்கறிஞர் வைக்காதீர்கள். ஜெயித்தாலும் அந்தச் செலவு பொதுவாகத் திரும்ப வராது, என் தொழிலில் இருப்பவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

எதிராளி வழக்கை மறுத்தால், 2024 மே முதல் இத்தகைய வழக்குகளில் ஒரு மணி நேரத் தொலைபேசிச் சமரசப் பேச்சு கட்டாயம், இலவசம். அந்தப் பேச்சில் அவர் 500 பவுண்டு தருகிறேன், ஜோடியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றால், உங்கள் இடத்தில் நான் வாங்கிக்கொள்வேன். 300 என்றால் விசாரணைக்கே போவேன்.