பழைய எஸ்யூவி வாங்கும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: எட்டு வருடப் பழைய டீசல் எஸ்யூவி. மீட்டரில் 60,000 கி.மீ.தான் காட்டுகிறது. நம்பலாமா?

ப: மீட்டரை ஓரமாக வையுங்கள். பிரேக் பெடல் ரப்பர், ஸ்டீயரிங் தோல், டிரைவர் சீட்டின் ஏறி இறங்கும் ஓரம், இந்த மூன்றும் அறுபதாயிரத்துக்குள் வழுவழுவென்று தேய்ந்திருக்காது. சர்வீஸ் பில்களில் தேதியும் கி.மீ.யும் சேர்ந்தே ஏறுகின்றனவா என்று பாருங்கள். உண்மையிலேயே குறைவாக ஓடிய டீசல் என்றால் வேறு கவலை உண்டு. பக்கத்திலேயே போய் வந்த வண்டியில் டிபிஎஃப்-இல், அதாவது புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் ஃபில்டரில், கரி எரியாமல் அடைந்திருக்கலாம்.

கே: பழைய எஸ்யூவியில் எது நல்லது சார்?

ப: பெட்ரோலா டீசலா, மேனுவலா ஆட்டோமேட்டிக்கா, எந்த வருடம், எவ்வளவு ஓடியது? எதையும் எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? ஒரே மாடலில் ஒரு இன்ஜின் மூன்று லட்சம் அசராமல் ஓடும், இன்னொன்று ஒன்றரை லட்சத்திலேயே படுத்துவிடும். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கே: டைமிங் பெல்ட் மாற்றியாச்சு என்கிறார். பில் இல்லை.

ப: பில் இல்லாத வேலை நடக்காத வேலை. பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றின் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள்.

கே: 1,20,000 கி.மீ. ஓடிய ஆட்டோமேட்டிக். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது லேசாக உதறுகிறது. கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்கிறார் விற்பவர். சரியா?

ப: இந்த 'ஆயுளுக்கும்' என்ற பேச்சால் பாழான கியர்பாக்ஸ்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துவிட்டது. யாருடைய ஆயுள்? வாரண்டி முடியும்வரை தாங்கினால் முதல் உரிமையாளருக்குக் கவலையில்லை. செலவு இரண்டாவதாக வாங்குபவர் தலையில் விழுகிறது. பல கம்பெனிகளுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்எஃப் நிறுவனமே, வண்டி கடினமாக ஓடினால் 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது எட்டு ஆண்டுக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. சூட்டில் ஆயில் கெடும், கிளட்ச் தேய்ந்த தூள் அதில் கலக்கும், அந்தத் தூள், கியர் மாற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வ் பாடியின் நுண்ணிய துளைகளில் போய் உட்காரும். நீங்கள் சொல்லும் உதறல் அப்படித் தொடங்கியதாகவே இருக்கலாம்.

முடிந்தால் கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் தட்டைக் (பேன்) கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மைபோல ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் உலோகச் சிம்பு இருந்தால் அந்த வண்டியே வேண்டாம். ஆயில் கருத்து, தீய்ந்த வாடை அடித்தாலும் வேண்டாம். இதெல்லாம் சரியாக இருந்து வாங்கினால், கம்பெனி சொன்ன அதே ரக ஆயிலை வடித்து ஊற்றி, ஃபில்டரையும் மாற்றுங்கள். பல காலம் கவனிக்காத கியர்பாக்ஸில் பிரஷர் வைத்து ஃப்ளஷ் செய்ய விடாதீர்கள். ஏற்கெனவே மாற்றியாச்சு என்றால் பில்லைக் கேளுங்கள்.

கே: ஆல் வீல் டிரைவ் வண்டி. முன் டயர் இரண்டும் புதிது, பின்னால் பழையது. பரவாயில்லையா?

ப: பரவாயில்லை என்று விடக்கூடாது. தேய்மானம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசப்பட்டாலே பல வண்டிகளில் முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பகிரும் சென்டர் கப்ளிங் ஓயாமல் உழைத்துச் சூடாகும். நான்கு டயர் செலவையும் கணக்கில் சேருங்கள்.

கே: ஸ்கேனர் போட்டேன், ஒரு எரர் கோடும் (பழுதுக் குறியீடு) இல்லை. திருப்திதானே?

ப: ரெடினஸ் மானிட்டர்களை, அதாவது வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று ஸ்கேனர் காட்டும் பட்டியலைப் பார்த்தீர்களா? பாதிக்கு மேல் 'முடியவில்லை' என்று காட்டினால், அண்மையில் யாரோ பழுதுக் குறியீட்டை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி ஸ்கேன் செய்ய விற்பவர் சம்மதிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

கே: ஏர் சஸ்பென்ஷன் உள்ள சொகுசு எஸ்யூவி, புதிய விலையில் கால்வாசிக்கு வருகிறது. செலவு எப்படி இருக்கும்?

ப: வண்டி விலைதான் கால்வாசி. பம்பரும், சஸ்பென்ஷனுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரும் புதிய வண்டிக்கான விலையில்தான் கிடைக்கும். சாதாரண எஸ்யூவிக்கு வாங்கிய விலையில் 10, 15 சதவீதத்தை முதல் வருட ரிப்பேருக்கு ஒதுக்கினால் போதும், இதற்குக் குறைந்தது 25 சதவீதம் வேண்டும். இரவில் நிறுத்தும்போது ஒவ்வொரு சக்கர வளைவின் உயரத்தையும் அளந்து வையுங்கள், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் மறுபடி அளங்கள். ஒரு மூலை இறங்கியிருந்தால் அங்கே சஸ்பென்ஷனின் காற்றுப் பை கசிகிறது. அந்தக் கசிவை ஈடுகட்டியே கம்ப்ரசரும் தேய்ந்திருக்கும். இரண்டையும் மாற்றும் செலவைக் கேட்டுக்கொண்டு பேரம் பேசுங்கள். புதிதாக மாற்றியாச்சு என்பாரானால், பில்.