ராணுவம் சுட்டுக் கழித்த பித்தளைத் தோட்டாக் கூடுகளில் மறுபடி வெடிமருந்து நிரப்பலாமா?

நிரப்பலாம். ஆனால் கடையில் வாங்கிய கூடு மாதிரி நினைத்து நேராக வேலையைத் தொடங்கிவிடக் கூடாது.

முதலில் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். அடியில், நடுவில் ஒரே துளை இருந்தால் பாக்ஸர் வகை. வழக்கமான கருவியிலேயே பழைய பிரைமரை, அதாவது மருந்தைப் பற்றவைக்க அடியில் செருகியிருக்கும் சின்ன மூடியை, தள்ளிவிடலாம். இரண்டு சின்னத் துளைகள் இருந்தால் பெர்டான். அதை ஒதுக்கிவிடுவேன், தள்ளும் கருவியின் ஊசிதான் உடையும்.

அப்புறம், ராணுவத் தோட்டாவில் பிரைமர் கழன்றுவிடாதபடி விளிம்பை நசுக்கி இறுக்கியிருப்பார்கள். அந்த நசுங்கலைச் சீவியோ அழுத்தியோ சரிசெய்யாமல் புது பிரைமரைத் திணிக்காதீர்கள். நசுங்கும், வெடிக்கவும் கூடும்.

எனக்குப் பெரிய கவலை மருந்தின் அளவுதான். ராணுவ ரகமான 7.62×51 நேட்டோ கூடுகளின் சுவர், கடையில் கிடைக்கும் அதன் ஜோடி ரகமான .308 வின்செஸ்டர் கூடுகளைவிடப் பெரும்பாலும் தடிமன். உள்ளே இடம் குறைவு, அதனால் அதே மருந்துக்கு அழுத்தம் எகிறும். மருந்து நிரப்பும் கையேடு சொல்லும் ஆரம்ப அளவிலிருந்து மெல்ல ஏறுங்கள். கூட்டின் அடியில் பொறித்திருக்கும் அடிமுத்திரையைப் பார்த்து ரகம் பிரித்து வையுங்கள், கலக்கவே வேண்டாம்.

இயந்திரத் துப்பாக்கியில் சுட்ட கூடு நீண்டிருக்கும். நுனி வளைத்த கம்பியால் அடிப்பக்க உட்சுவரைத் தடவுங்கள். பள்ளம் தட்டுப்பட்டாலோ, வெளியே பளபளப்பான வளையம் தெரிந்தாலோ தூக்கிப் போடுங்கள். அடுத்த முறை சுடும்போது கூடு அந்த இடத்தில் இரண்டாகப் பிரியலாம்.

கழுத்தில் தெரியும் நீலப் பழுப்பு நிறம் பழுதில்லை. பித்தளையை இளக்கச் சூடேற்றிய தடம் அது.