அரை மணி நேரத்தில் மீனில் புழு வந்தது எப்படி?

வணக்கம். கழுவி முற்றத்தில் வைத்த மீனில் அரை மணி நேரத்துக்குள் புழுக்கள் நெளிந்ததால், மீன்காரர் கெட்ட மீனைத் தந்துவிட்டார் என்று ஐயப்படுகிறீர்கள். நீங்கள் இணைத்துள்ள ஈயின் படத்தைப் பார்த்தால் அவர் மீது பழி சொல்ல வேண்டியதில்லை என்றே தோன்றுகிறது. சிவந்த கண்கள், சாம்பல் நிற மார்பில் நீளவாக்கில் மூன்று கருங்கோடுகள், சதுரங்கப் பலகை போன்ற வயிறு ஆகியவை சார்கோபேஜிடே குடும்பத்து இறைச்சி ஈக்கு உரியவை; வீட்டு ஈக்குக் கோடுகள் நான்கு. வீட்டு ஈயின் முட்டை பொரியவே பல மணி நேரம் ஆகும். இந்தப் பெண் ஈயோ முட்டைகளைத் தன் வயிற்றுக்குள்ளேயே பொரியவிட்டு, உயிருள்ள புழுக்களை நேரடியாக உணவின் மேல் இடுகிறது. அவை உடனே தின்னத் தொடங்கிவிடும்.

இனப்பெயரையும் கேட்டிருந்தீர்கள். சார்கோபேகா பேரினமாக இருக்கலாம். அதற்கு மேல் படத்தைக் கொண்டு சொல்ல இயலாது, ஏனெனில் இவற்றின் இனங்கள் பெரும்பாலும் ஒரே தோற்றம் கொண்டவை என்பதால், ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தே வல்லுநர்களும் பிரித்தறிகிறார்கள்.

அந்த மீனை எறிந்துவிடுங்கள். இனி வலைமூடி போதாது, தட்டையே கவிழ்த்து மூடுங்கள். வலையின் மேல் அமர்ந்தபடியே அதன் துளைகள் வழியாகப் புழுவை உள்ளே விழச்செய்ய இந்த ஈயால் முடியும்.