வாசகர் கேள்வி – பதில்: நாஜிகள் பறித்த ஓவியங்களும் வாரிசுகளின் தேடலும்

கேள்வி: எண்பது ஆண்டுகள் கழித்து, பறிகொடுத்த யூதக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பதில்: பறித்தவர்களின் கணக்கிலிருந்தே தொடங்கலாம். 1938 ஏப்ரல் 26-ஆம் தேதி ஆணைப்படி, 5,000 ரைஷ்மார்க்குக்கு (அன்றைய ஜெர்மன் நாணயம்) மேல் சொத்து வைத்திருந்த யூதர்கள் அதைப் பட்டியலிட்டு அரசிடம் கொடுக்க வேண்டியிருந்தது. வியன்னாவில் கொடுத்த படிவங்கள் ஆஸ்திரிய அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெர்லின் குடும்பமென்றால் போட்ஸ்டாமில் உள்ள பிராண்டன்பர்க் மாநிலக் காப்பகத்தில் 'ரெப். 36ஏ' கோப்புகளைக் கேளுங்கள். நிதித்துறை பறிமுதல் செய்த சொத்துகளின் விவரம் அதில் வரும்.

இவற்றோடு சேர்த்துத் தேட வேண்டியது, தாத்தா பாட்டி போருக்குப் பிறகு இழப்பீடு கேட்டு எழுதிய மனு. எந்த அறைச் சுவரில் எந்தப் படம் தொங்கியது என்று நினைவிலிருந்து எழுதிய வரிகள் வேறெங்கும் கிடைக்காது.

தேடல் தவறுவது பெரும்பாலும் பெயரில்தான். அமெரிக்கா போய் மாற்றிக்கொண்ட பெயரில் தேடினால் ஒன்றும் வராது. பிறந்தபோது இருந்த பெயரில் தேடுங்கள். 1939 ஜனவரி முதல் யூத ஆண்களின் பெயரில் 'இஸ்ராயேல்', பெண்களின் பெயரில் 'சாரா' என்று கட்டாயமாகச் சேர்த்தார்கள், அப்படியும் தேடுங்கள். மேலே இரு புள்ளி உள்ள ஜெர்மன் எழுத்துகளைப் புள்ளி இல்லாமலும், அடுத்து ஓர் 'e' எழுத்தைச் சேர்த்தும் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஓவியரின் பெயரும் படத்தின் தலைப்பும் தெரியும். போதாதா?

பதில்: போதாது. தலைப்பு கைக்குக் கை மாறும். ஒரே காட்சியைப் பலமுறை வரைந்த ஓவியர்களும் உண்டு. மாக்ஸ் லீபர்மன் 'கடற்கரையில் இரு குதிரைவீரர்கள்' படத்தை ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் வரைந்திருக்கிறார். ஆகவே சென்டிமீட்டரில் உயரம், அகலம், துணியா பலகையா, கையெழுத்து எந்த மூலையில் என்பதெல்லாம் வேண்டும். பழைய பட்டியலில் உள்ள அளவு சட்டத்தோடு எடுத்ததா என்றும் பாருங்கள். அளவு ஒத்துவராமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

படம் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்தால், அதன் பின்புறத்தின் புகைப்படத்தை முதலில் கேளுங்கள். பாரிஸில் ரோசன்பர்க் பிரிவு (கலைப்பொருள்களைப் பறிமுதல் செய்த நாஜி அமைப்பு) பறித்த படங்களில், குடும்பத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் போட்டார்கள்: 'ஆர்' என்றால் ரோத்ஷில்ட், 'உன்ப்' என்றால் உரிமையாளர் தெரியவில்லை. 'ம்யூ' என்று தொடங்கும் எண் இருந்தால், போருக்குப் பின் மியூனிக்கில் அமெரிக்கப் படை நடத்திய சேகரிப்பு மையம் வழியாகப் படம் போயிருக்கிறது. அங்கே எழுதிய அட்டைகளை இணையத்தில் பார்க்கலாம். ஆனால் அந்த எண் படம் போன வழியைத்தான் காட்டும், யாருடையது என்பதைச் சொல்லாது. மியூனிக்கிலிருந்து படங்கள் நாடுகளுக்குத்தான் திரும்பின, வீடுகளுக்கு அல்ல. துணிக்குப் பின்னால் புதுத்துணி ஒட்டிப் பழுதுபார்த்திருந்தாலோ சட்டத்தை மாற்றியிருந்தாலோ இந்தத் தடயங்கள் போயிருக்கும்.

எழுதி வைத்த விவரம் எவ்வளவு உதவும் என்பதற்கு ஓர் உதாரணம்: ஆம்ஸ்டர்டாம் ஓவிய வணிகர் ஜாக் ஹௌட்ஸ்டிக்கர் 1940-இல் தப்பிச் செல்லும் கப்பலிலேயே விபத்தில் இறந்தார். அவரிடம் இருந்த சிறு கறுப்புக் குறிப்பேட்டில் 1,100-க்கும் மேற்பட்ட படங்களின் விவரம் இருந்தது. 2006-இல் நெதர்லாந்து அரசு 202 படங்களை வாரிசுக்குத் திருப்பித் தர முடிவெடுத்ததில் அந்தக் குறிப்பேட்டுக்குப் பெரிய பங்குண்டு.

கேள்வி: ஏலத்தில் விற்றதற்கு ரசீதே இருக்கிறதாம். பிறகு பறித்தது என்று எப்படிச் சொல்வது?

பதில்: ரசீது இருப்பதால் மனமுவந்து விற்றார் என்றாகிவிடாது. ஜெர்மன் வழிகாட்டு நெறி கேட்பது: விற்றவர் ஒடுக்கப்பட்டவரா, நியாயமான விலை கிடைத்ததா, அந்தப் பணத்தை அவரால் விருப்பம்போல் எடுக்க முடிந்ததா? நாட்டைவிட்டு வெளியேறுவோரின் சொத்தில் 25 சதவீதம் வரியாகப் போனது. மீதி முடக்கப்பட்ட கணக்கில் கிடந்தது. விற்பனை 1935 செப்டம்பர் 15-க்குப் பிறகு என்றால், நாஜி ஆட்சி இல்லாவிட்டாலும் அது நடந்திருக்குமா என்ற கேள்வியும் சேரும்.

டுசெல்டார்ஃப் வணிகர் மாக்ஸ் ஸ்டெர்னுக்குக் கலை வணிகம் செய்யவே தடை விதித்தார்கள். 1937 நவம்பரில் அவரது கூடத்தின் 200-க்கும் மேற்பட்ட படங்கள் கொலோனில் ஏலம் போயின. இத்தகைய ஏலப் பட்டியல்களை ஹைடல்பர்க் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. ஓரத்தில் பென்சிலால் விலையும் சில சமயம் வாங்கியவர் பெயரும் எழுதிய பிரதி கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: 1933 முதல் 1945 வரை படம் யாரிடம் இருந்தது என்ற விவரமே இல்லை. அப்படியானால் திருட்டுப் படம்தானே?

பதில்: இல்லை. விசாரிக்க வேண்டிய படம், அவ்வளவுதான். அதைத் திருட்டு என்று எழுதி அனுப்பினால் உங்கள் மனுவே பலவீனமாகும்.

கேள்வி: படம் கண்டுபிடிக்கப்பட்டால் தந்துவிடுவார்களா?

பதில்: யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நாஜிகள் பறித்த கலைப்பொருள்கள் பற்றி 1998-இல் 44 நாடுகள் ஏற்ற வாஷிங்டன் கோட்பாடுகள் நியாயமான தீர்வைக் கோருகின்றன, சட்டமாகக் கட்டுப்படுத்துவதில்லை. ஆஸ்திரியா அதே ஆண்டு தன் கூட்டாட்சி அருங்காட்சியகங்களுக்குச் சட்டம் இயற்றியது. பிரான்சில் 2023-இல்தான் பொதுச்சட்டம் வந்தது. தனியார் கையில் இருந்தால் கடினம். ஜெர்மனியில் 30 ஆண்டுக் காலக்கெடுவைக் காட்டி மறுக்கலாம். எங்கே தொங்குகிறது என்றே தெரியாத படத்துக்குக் காலக்கெடு வைப்பதை நியாயம் என்று எங்களால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவின் 2016 சட்டம், வாரிசு படத்தையும் தன் உரிமையையும் உண்மையில் அறிந்த நாளிலிருந்து வழக்குத் தொடர ஆறு ஆண்டு தருகிறது.

கடிதம் எழுதுமுன் எல்லா வாரிசுகளையும் கண்டுபிடியுங்கள். கையெழுத்திடாத ஓர் ஒன்றுவிட்ட சகோதரர் போதும், வேலை நின்றுவிடும். அந்தப் படத்துக்குக் குடும்பம் முன்பே இழப்பீடு வாங்கியிருந்தால் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். படம் கிடைத்தால் அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். ஆனால் மறைத்தது பின்னால் தெரியவந்தால் நம்பிக்கை போய்விடும். படம் இன்னும் கிடைக்கவில்லையென்றாலும், பறிபோன கலைப்பொருள்களுக்காக ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் இயங்கும் நிறுவனத்தின் 'லாஸ்ட் ஆர்ட்' தரவுத்தளத்தில் பதிவு செய்யுங்கள். ஏல நிறுவனங்கள் விற்பனைக்குமுன் அதைப் பார்க்கின்றன. படம் அங்கே பதிவாகியிருந்தால் அதைச் சத்தமில்லாமல் விற்பது கடினம்.